நீர்த்தேக்கத்தில் பாஸ் மீன்பிடி: பருவம்தோறும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த மாதத்தில் போனால் மீன் கிடைக்கும்?

மாதத்தை வைத்துச் சொன்னால் தவறாகிவிடும். தண்ணீரின் வெப்பநிலையை வைத்துத்தான் சொல்ல முடியும். வட அமெரிக்காவில் பாஸ் கூடு அமைக்கும் ஏப்ரலில் தென்னாப்பிரிக்காவில் தண்ணீர் குளிரத் தொடங்கியிருக்கும். அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். ஒரே நீர்த்தேக்கத்தில், ஆறு வந்து சேரும் மேல்கோடி ஆழம் குறைவானது என்பதால், அணையை ஒட்டிய ஆழமான பகுதியைவிட முந்திச் சூடேறும். ஒரே நாளில் மேல்கோடியில் ஒரு பருவமும் அணைப்பக்கம் இன்னொரு பருவமும் நடந்துகொண்டிருக்கும்.

பாஸில் பெரிய வாய்கொண்ட வகையான லார்ஜ்மவுத் பாஸுக்குத் தோராயக் கணக்கு இது: 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்காலம். 10 முதல் 15 வரை முட்டையிடத் தயாராகும் காலம். 15 முதல் 21 வரை முட்டையிடும் காலம். 26-ஐத் தாண்டினால் முழுக் கோடை. பிறகு 20-க்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது இலையுதிர்கால வேட்டை. சிறிய வாய்கொண்ட வகையான ஸ்மால்மவுத் பாஸ் சற்றுக் குளிர்ந்த நீரிலேயே இவற்றையெல்லாம் தொடங்கிவிடும்.

படகில் பொருத்தும் மீன் தேடும் கருவியான சோனார் காட்டும் வெப்பநிலை மேற்பரப்பினுடையது. வெயிலும் காற்றில்லாத மதியமும் சேர்ந்தால் அது 2, 3 டிகிரி கூட்டிக் காட்டும். விடியற்காலையில் பார்த்த எண்ணையே நம்புங்கள்.

பெரிய நீர்த்தேக்கம். எங்கிருந்து தொடங்குவது?

தண்ணீருக்கு அடியில் இருக்கும் பழைய நிலத்திலிருந்து தொடங்குங்கள். நீர்த்தேக்கம் என்பது மூழ்கிய பள்ளத்தாக்கு. பழைய ஆற்றின் தடம், அதில் வந்து சேர்ந்த ஓடைகள், சாலை, வேலி, வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் எல்லாம் அடியில் அப்படியே கிடக்கின்றன. பாஸ் ஆழத்துக்கும் கரைக்கும் இடையே இடம் மாறும்போது இந்தத் தடங்களை ஒட்டித்தான் போகும்.

ஆழக்கோட்டு வரைபடத்தில் ஓர் ஓடைக் கிளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாயில் நீருக்குள் நீளும் முனைதான் முதல் முனை. உள்ளே போகப் போக வருபவை இரண்டாம் நிலை முனைகள். ஓடைத்தடம் வளைந்து கரையை உரசும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கோடுகள் நெருங்கி வரும் இடம் செங்குத்து, விலகி நிற்கும் இடம் மேடை. குளிர்காலத்தில் மீன் கிளையின் வாயில் இருக்கும், முட்டைக் காலத்தில் கடைக்கோடியில் இருக்கும், மற்ற நாட்களில் இடைப்பட்ட எங்கோ இருக்கும். ஒரு கிளையை முழுதாகப் படித்தவருக்கு மற்ற கிளைகள் எளிதில் பிடிபடும். நீர்த்தேக்கம் முழுக்க ஓடித் திரிவதைவிட இது பல மடங்கு பயன் தரும்.

முட்டையிடுவதற்கு முன் மீன் எங்கே நிற்கும்?

இரண்டாம் நிலை முனைகளிலும், ஓடைத்தடம் கரையை உரசும் வளைவுகளிலும், 2 முதல் 5 மீட்டர் ஆழத்தில். பெண் மீன்கள் கனமாக இருக்கும். கூட்டுக்குப் போகுமுன் நன்றாக இரை எடுக்கும். பெரிய மீன் வேண்டுமென்றால் ஆண்டில் இதைவிட நல்ல காலம் இல்லை.

தொடர்ந்து மூன்று நாள் வெயிலடித்தால் மீன் முன்னேறும். ஒரே இரவில் குளிர்காற்று வீசினால் வந்த வழியே ஒரு படி பின்வாங்கும். அதனால் நேற்று 1 மீட்டரில் கிடைத்த மீனை இன்று அதே முனையில், 3 மீட்டரில் தேடுங்கள். வேறு கிளைக்கு ஓட வேண்டாம். காலையில் வெயில் முதலில் விழும் கரையும், சூட்டை வாங்கிவைக்கும் கருங்கல் அடுக்கிய கரையும் மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் உயிர்பெறும். எடைத்தலை கொண்ட முள்ளான 10 கிராம் ஜிக், முன்தகடு இல்லாத, சத்தமெழுப்பும் மீன்வடிவ லிப்லெஸ் கிராங்க்பெய்ட், நடுவே நிறுத்தி நிறுத்தி இழுக்கும் ஒல்லியான மீன்வடிவ ஜெர்க்பெய்ட் ஆகிய மூன்று லூர்களும் (செயற்கை இரைகளும்) போதும்.

கூட்டின் மேல் இருக்கும் மீனைப் பிடிக்கலாமா?

முதலில் உங்கள் பகுதி விதியைப் பாருங்கள். சில இடங்களில் இந்தக் காலம் முழுவதும் பாஸ் பிடிக்கத் தடை உண்டு.

தடை இல்லாத இடத்திலும் நடப்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஆண் மீன் வாலால் அடித்தளத்தைத் துடைத்து, சரளை தெரியும்படி வட்டமான குழி அமைக்கும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். முட்டை பொரியும் சில நாட்களும், பிறகு குஞ்சுகள் கூட்டமாகத் திரியும் நாட்களும் காவல் அந்த ஆண் ஒன்றுதான். அதைத் தூக்கிய சில நிமிடங்களுக்குள் ப்ளூகில் போன்ற சிறு மீன்கள் கூட்டில் புகுந்து முட்டையைத் தின்னத் தொடங்கும். பிடித்தால் அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே விட்டுவிடுங்கள். போட்டிக்காகத் தொட்டியில் போட்டு வேறு இடத்தில் கொண்டுபோய் விடுவது அந்தக் கூட்டை அழிப்பதற்குச் சமம். கூட்டு மீனை விட்டுவிட்டு, இன்னும் உள்ளே வராத மீன்களை வெளி முனைகளில் தேடுவதே எங்கள் பரிந்துரை.

முட்டையிட்டு முடிந்ததும் மீன் கடிப்பதையே நிறுத்திவிடுகிறதே?

பெண் மீன் களைத்துப் போய் ஒதுங்கியிருக்கும். ஒன்றிரண்டு வாரம் மந்தம்தான். அருகிலுள்ள முதல் இறக்கத்தில், மரத்தின் நிழலில், படகுத்துறையின் கீழே மிதந்தபடி நிற்கும். எடை போடாத ரப்பர் புழுவை மெல்ல இறங்கவிடுங்கள். குஞ்சுகளைக் காக்கும் ஆண்கள் கரையோரத்தில் மேல்நீர் லூரைக் கோபத்தோடு தாக்கும்.

கோடையில் 12 மீட்டர் ஆழத்தில் தேடினேன். ஒன்றுமே இல்லை. ஏன்?

அங்கே மூச்சுவிடப் போதிய ஆக்சிஜன் இருந்திருக்காது. ஆழமாகப் போகப் போகக் குளிர்ச்சி, குளிர்ச்சியான இடத்தில் மீன் என்று எண்ணிப் பலரும் கோடையை வீணாக்குகிறார்கள்.

வெயில் ஏறும்போது மேல்நீர் சூடாகி இலேசாகும்; அடிநீர் குளிர்ந்து கனமாகவே இருக்கும். இரண்டும் கலப்பதில்லை. நடுவே, மீட்டருக்கு 1 டிகிரிக்கு மேல் வெப்பநிலை சரியும் மெல்லிய அடுக்கு உருவாகும். அதுதான் தெர்மோக்ளைன். அதற்குக் கீழே காற்றும் படாது, பாசி வளர வெளிச்சமும் எட்டாது. அடியில் மக்கும் இலைதழை மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். பல நீர்த்தேக்கங்களில் இந்த அடுக்கு 5 முதல் 9 மீட்டருக்குள் நிற்கும். தெளிந்த நீரில் இன்னும் ஆழத்தில் இருக்கும். நீரோட்டம் வலுவாக உள்ள மேல்கோடியில் உருவாகாமலேயே போகலாம்.

கண்டுபிடிக்க: ஆழமான இடத்தில் படகை நிறுத்தி, சோனாரின் உணர்திறனைத் தானியங்கி நிலையிலிருந்து எடுத்துக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். நடுநீரில் மங்கலான பட்டை ஒன்று, படகு நகர்ந்தாலும் அதே ஆழத்தில் நீண்டுகொண்டே வரும். சிறுமீன் கூட்டம் எல்லாம் அதற்கு மேலேதான் தெரியும். அந்த ஆழம் 7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இனி வரைபடத்தில் 5 முதல் 7 மீட்டரில் தரை தட்டும் முனை, மேடை, சாலைத்தடம் இவற்றை மட்டும் தேடினால் போதும். தேட வேண்டிய இடம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும்.

இன்னொன்று: கோடையில் எல்லா மீனும் ஆழத்துக்குப் போவதில்லை. அடர்ந்த பாசிப் படலத்தின் நிழலில் நாள் முழுவதும் கிடக்கும் பாஸ் எப்போதும் உண்டு.

அணையில் தண்ணீர் திறந்துவிடும் நேரத்துக்கும் மீன் கடிப்பதற்கும் தொடர்பு உண்டா?

கோடையில் நேரடித் தொடர்பு. மின்சாரத்துக்காகத் தண்ணீர் விடும்போது நீர்த்தேக்கத்தினுள்ளும் ஓட்டம் உண்டாகும். அதுவரை நடுநீரில் சிதறிக் கிடந்த பாஸ் முனைகளுக்கும் மேடை விளிம்புகளுக்கும் வந்து, ஓட்டத்தை எதிர்நோக்கி, ஏதாவது தடுப்பின் பின்னால் வரிசைகட்டும். ஓட்டம் நின்றதும் கலைந்துவிடும். திறப்பு நேரத்தை அறிவிக்கும் அணை என்றால் உங்கள் நேரத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். லூரை ஓட்டத்துக்கு மேற்பக்கம் வீசி, ஓட்டத்தோடு இறங்கி வரும்படி இழுங்கள். எதிர்ப்பக்கமாக இழுத்தால் இரை போலத் தோன்றாது.

முள் நுனியை ரப்பர் புழுவுக்குள் மறைத்துக் கட்டும் டெக்சாஸ் ரிக்கில் புழு சுழன்று நூல் முறுக்கிக்கொள்கிறது. என்ன தவறு?

புழு முள்ளில் நேராக உட்காரவில்லை. முறை இது:

குண்டு வடிவ டங்ஸ்டன் எடையின் கூர்முனை கோலைப் பார்த்திருக்கும்படி நூலில் கோத்து, 15 முதல் 18 செ.மீ. புழுவுக்கு 3/0 ஆஃப்செட் முள் கட்டுங்கள். முள்ளின் நுனியைப் புழுவின் தலை நடுவில் அரை செ.மீ. செலுத்திப் பக்கவாட்டில் வெளியே எடுங்கள். தலை, முள்ளின் கண்ணுக்குக் கீழுள்ள வளைவில் உட்காரும்வரை இழுத்து, முள்ளைப் பாதிச் சுற்று திருப்புங்கள். இப்போது புழுவைத் தொங்கவிட்டு, முள்ளின் அடி வளைவு புழுவின் எந்த இடத்துக்கு நேராக வருகிறது என்று நகத்தால் குறியுங்கள். பிழை நடப்பது இங்கேதான்: குறிக்காமல் குத்தினால் புழு இழுபட்டோ மடங்கியோ நிற்கும். குறித்த இடத்தில் நுனியைச் செலுத்தி மறுபக்கம் எடுத்து, நுனியை மட்டும் தோலுக்கடியில் மெல்லப் புதையுங்கள்.

எடை: 2 மீட்டருக்குள் 5 கிராம், 3 முதல் 5 மீட்டரில் 7 முதல் 10 கிராம், அதற்கும் ஆழத்தில் அல்லது காற்றடிக்கும்போது 14 கிராம். அடர்ந்த பாசியில் மட்டும் எடை நகராதபடி ரப்பர் தடுப்பு போடுங்கள். நூல் 12 முதல் 17 பவுண்டு இழுவை தாங்கும் ஃபுளோரோகார்பன். முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட்டு நனையுங்கள். உலர்ந்த ஃபுளோரோகார்பன் உராய்வுச் சூட்டில் பழுதாகி, முள் பிடித்துச் சுண்டும் அதே நொடியில் அறுந்துவிடும்.

பெட்டியில் 4 மீட்டர் என்று போட்டிருக்கிறது. என் கிராங்க்பெய்ட் 3 மீட்டரில்கூடத் தரையைத் தொடவில்லை.

வீச்சு போதவில்லை, அல்லது நூல் தடிமன் அதிகம். லூர் சாய்வாக இறங்கி, சிறிது தூரம் அதிக ஆழத்தில் ஓடி, மறுபடி ஏறும். வீச்சு சிறியது என்றால் இறங்கி முடிக்குமுன்பே ஏறத் தொடங்கிவிடும். 10 முதல் 12 பவுண்டு ஃபுளோரோகார்பனுக்கு மாறுங்கள், கோலின் நுனியை நீரை ஒட்டித் தாழ்த்துங்கள், மீன் நிற்கும் இடத்தைத் தாண்டி வெகுதூரம் வீசுங்கள். சுழற்றும் வேகத்தைக் கூட்டுவதால் ஆழம் பெரிதாகக் கூடாது.

பக்கவாட்டில் சாய்ந்து ஓடினாலும் ஆழம் போகாது. லூரின் முகம் உங்களைப் பார்க்கப் பிடித்து, அது விலகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக நூல் கட்டும் வளையத்தை இடுக்கியால் மயிரிழை வளைத்து, மறுபடி நீரில் இழுத்துப் பாருங்கள்.

கட்டையிலோ கல்லிலோ மோதித் திசை மாறும் கணத்தில்தான் பெரும்பாலான கடிகள் வரும். மோதாத கிராங்க்பெய்ட் வெறும் உடற்பயிற்சி. கோல் சற்று வளைந்துகொடுப்பதாக இருக்கட்டும். விறைத்த கோல் சிறிய மும்முள்ளை மீனின் வாயிலிருந்து பிய்த்துவிடும்.

ரப்பர் தவளைமேல் மீன் பாய்கிறது, மாட்டுவதே இல்லை.

தண்ணீர் தெறித்ததைப் பார்த்துச் சுண்டுகிறீர்கள். கண்ணை நம்பாதீர்கள், கோலில் கனம் தெரிந்த பிறகு, தொய்வை எடுத்துக்கொண்டு, ஓங்கிச் சுண்டுங்கள். நூல் 50 முதல் 65 பவுண்டு பிரெய்ட் (பின்னல் நூல்) இருக்க வேண்டும். நைலான் நரம்பு நீண்டுகொடுக்கும்; பாசிக்குள்ளிருந்து மீனை எடுக்க முடியாது. தவறவிட்ட மீன் பாசியில் ஒரு துளை விட்டிருக்கும். உடனே அதே துளையில் எடையிட்ட புழுவை இறக்குங்கள்.

இலையுதிர்காலத்தில் திடீரென்று தண்ணீர் நிறம் மாறி நாற்றமடிக்கிறது. மீன் செத்துவிட்டதா?

இல்லை, தண்ணீர் புரண்டிருக்கிறது. மேல்நீர் குளிர்ந்து அடிநீரின் வெப்பநிலையை நெருங்கும்போது நடு அடுக்கு உடைந்து, அடியில் அழுகிக் கிடந்தது மேலே வரும். அழுகிய முட்டை நாற்றம், கரும்பச்சை கலந்த நிறம், மிதக்கும் இலைத்தூள், கலையாத நுரை ஆகியவை அடையாளம். ஆக்சிஜன் எல்லா ஆழத்திலும் பரவும் வரை, சில நாட்களிலிருந்து ஓரிரு வாரம் வரை, மீன் சிதறிக் கிடக்கும். நீர்த்தேக்கம் முழுவதும் ஒரே நாளில் புரள்வதில்லை. மேல்கோடிக்கோ, அடுக்கே உருவாகாத ஆழமற்ற ஓடைகளுக்கோ போய்விடுங்கள்.

இதற்கு முன்னும் பின்னும் நடக்கும் பெரிய விஷயம் ஷேட் எனும் சிறு வெள்ளி மீன்களின் பயணம். தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க அவை கூட்டங்கூட்டமாக ஓடைகளின் கடைக்கோடிக்குப் போகும், பாஸ் பின்தொடரும். கிளைக்குள் நுழைந்ததும் மேற்பரப்பில் சிறுமீன் துள்ளுகிறதா, நீர்ப்பறவைகள் குவிகின்றனவா என்று பாருங்கள். இரை இல்லாத கிளை எவ்வளவு அழகாக இருந்தாலும் கடந்துபோங்கள். லூர் அங்குள்ள இரையின் அளவில் இருக்க வேண்டும். 5 செ.மீ. ஷேட் ஓடும் இடத்தில் 12 செ.மீ. லூரைப் பாஸ் பார்த்துவிட்டு விட்டுவிடும்.

குளிர்காலத்தில் பாஸ் கடிக்குமா?

கடிக்கும்; துரத்தாது. செங்குத்தான கரைகள், ஓடைத்தடம் மோதும் பாறைச்சுவர், ஓடை வாய் ஆகியவற்றில் தேடுங்கள். செங்குத்துக் கரையில் மீன் சிறிது அசைந்தாலே ஆழம் மாறிவிடும். வெகுதூரம் நீந்த வேண்டியதில்லை.

ஆழத்தில் கூட்டமாகத் தெரிந்தால் 14 முதல் 21 கிராம் உலோக ஸ்பூனை நேர்கீழே இறக்கி, ஒரு முழம் தூக்கி, நூல் இறுகியும் இறுகாமலும் விழவிடுங்கள். கடி விழும்போதுதான் வரும். த்ரெட்ஃபின் ஷேட் கடுங்குளிரைத் தாங்காமல் துடித்துத் துடித்து அடியில் விழும். ஸ்பூன் காட்டுவது அதைத்தான்.

கரையோரத்துக்கு ஜெர்க்பெய்ட். இரண்டு சுண்டு, பிறகு 10 விநாடி அசைக்காமல் நிறுத்துங்கள். நீர் 7 டிகிரிக்குக் கீழே என்றால் இன்னும் அதிகம். நிறுத்தும்போது லூர் மெல்ல மேலே ஏறுகிறதா என்று படகருகே சோதியுங்கள். குளிர்ந்த நீர் அடர்த்தி கூடியது. கோடையில் நடுநீரில் நின்ற லூர் இப்போது மிதந்து ஏறும். வயிற்றில் ஒட்டும் ஈயத்தகடு ஒன்று, அல்லது ஒரு அளவு பெரிய மும்முள் போட்டால் சரியாகும். இந்தச் சின்ன வேலையைச் செய்யாததால் குளிர்காலமே வீண் என்று கோலைக் கட்டிவைப்பவர்கள் நிறைய.

உயிர்காப்பு உடையைக் குளிர்காலத்தில் ஒரு நிமிடம்கூடக் கழற்றாதீர்கள். குளிர்ந்த நீரில் விழுந்தவரின் கைகால்கள் சில நிமிடங்களில் செயலிழக்கும். நன்றாக நீந்துபவரும் விதிவிலக்கல்ல. எஞ்சின் நிறுத்தும் கயிற்றை உடம்போடு மாட்டிக்கொள்ளுங்கள்.

நீர்மட்டம் மாறிக்கொண்டே இருந்தால்?

ஏறினால் மீன் கரைக்கு வரும். புதிதாக மூழ்கிய புதர்களின் உள்பக்கம் வரை வீசுங்கள். இறங்கினால் முதல் இறக்கத்துக்குப் பின்வாங்கும். வேகமாக இறங்கும் நாளில் கரையோரத்தில் நேரம் செலவிடாதீர்கள்.

நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும் சமயம் கோல் இல்லாமலேயே ஒருமுறை போய்வருவது நல்லது. வெளியே தெரியும் கட்டை, கற்குவியல், வாய்க்கால் எல்லாவற்றையும் படம் எடுத்து, ஜி.பி.எஸ்.-இல் குறித்துவையுங்கள். தண்ணீர் நிறைந்த பிறகு அவை மீன் நிற்கும் இடங்கள். படகின் அடியைக் கிழிக்கும் இடங்களும் அவையே.

கலங்கல் நீரில் எந்த நிறம்?

வெள்ளை லூரை இறக்கி, எந்த ஆழத்தில் மறைகிறது என்று பாருங்கள். 30 செ.மீ.க்குள் மறைந்தால் கறுப்பும் நீலமும் கலந்த ஜிக், அல்லது வட்டத் தகடு மாட்டிய ஸ்பின்னர்பெய்ட். அதிர்வு முக்கியம், தடுப்பை உரசும்படி மெதுவாக இழுங்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் தெரிந்தால் ஊடுருவித் தெரியும் இயல்பான நிறங்கள், நீள்தகடு, மெல்லிய நூல். இடைப்பட்ட நீரில் வெள்ளை.

குளிர்காற்று வீசி ஓய்ந்த மறுநாள், நீலவானம். ஒரு கடிகூட இல்லை.

மீன் இடத்தை விட்டுப் போயிருக்காது, தடுப்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். டிராப் ஷாட் கட்டுங்கள். 6 முதல் 8 பவுண்டு நூல், 5 முதல் 7 கிராம் எடை, அதற்கு 30 செ.மீ. மேலே சிறிய முள், 10 செ.மீ. புழு. பாலோமர் முடிச்சு போட்டு, மிச்ச நூலை முள்ளின் கண்ணில் நுனி இருக்கும் பக்கத்திலிருந்து மறுபடி நுழைத்தால் முள் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். எடை தரையைத் தொட்டபின் அதை இழுக்காதீர்கள், நூலை மட்டும் நடுங்கவிடுங்கள்.

பெய்ட்காஸ்ட் ரீலில் நூல் சிக்குகிறது.

லூர் நீரைத் தொட்ட பிறகும் ஸ்பூல் (நூல் சுற்றிய உருளை) சுற்றுகிறது. லூரைத் தொங்கவிட்டு, அது மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூல் நிற்கும் அளவுக்குப் பக்கத் திருகை இறுக்குங்கள். பிரேக்கை முதலில் அதிகமாக வைத்து, கை பழகப் பழகக் குறையுங்கள். லூர் மாற்றும் ஒவ்வொரு முறையும் திருகைச் சரிபாருங்கள். எதிர்காற்றில் தாழ்வாக வீசுங்கள்.

ஆழத்தில் பிடித்த மீனை விட்டால் வயிறு மேலாக மிதக்கிறது.

சுமார் 9 மீட்டருக்கும் ஆழத்திலிருந்து மேலே வரும் மீனுக்குக் காற்றுப்பை ஊதிவிடும். பாஸால் அந்தக் காற்றைச் சட்டென்று வெளியேற்ற முடியாது. உடனே விட்டால் பெரும்பாலும் தானாக நீந்தி இறங்கிவிடும். மிதந்தால், கீழ்த்தாடையில் மாட்டும் எடைக் கவ்வியால் பிடித்த ஆழத்துக்கே இறக்கி விடுங்கள். ஊசி குத்திக் காற்றெடுப்பது பழகியவர் கையில் பலன் தரும். இடம் தவறினால் உள்ளுறுப்பைத் துளைக்கும்.

எல்லா மீனுக்கும் பொதுவானது: ஈரக்கையால் தொடுங்கள், பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றுக்கு இன்னொரு கை கொடுங்கள், படமெடுக்க அரை நிமிடத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

பாஸ் எவ்வளவு பெரிதாகும்?

லார்ஜ்மவுத்தில் உலகச் சாதனையை இருவர் பகிர்ந்துகொள்கிறார்கள். 1932-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது 22 பவுண்டு 4 அவுன்ஸ். 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தது அதைவிட ஓர் அவுன்ஸுக்கும் சற்றுக் குறைவாகவே கூடுதல். பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்ஸ் வேண்டும் என்பது விதி என்பதால் இரண்டும் சமமாக நிற்கின்றன. கிலோவில் சொன்னால் இரண்டும் 10-ஐச் சற்றுத் தாண்டியவை.

பிடித்த பாஸை எங்கள் பக்கத்துக் குளத்தில் விட்டு வளர்க்கலாமா?

வேண்டாம். பாஸ் வட அமெரிக்க மீன். பழக்கமில்லாத நீரில் புகுந்தால் அங்குள்ள சிறுமீனையும் இறாலையும் வேட்டையாடித் தீர்க்கும்; ஒருமுறை பெருகிவிட்டால் ஒழிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். ஜப்பானில் 2005 முதல் அதை உயிருடன் கொண்டுசெல்வதும் வேறு நீரில் விடுவதும் சட்டப்படி குற்றம். வேறு பல நாடுகளிலும் இதுபோன்ற தடை உண்டு. அதே காரணத்தால் ஒரு நீர்த்தேக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் படகில் ஒட்டிய பாசியை எடுத்துவிட்டு, அடிப்பள்ளத்து நீரையும் மீன்தொட்டி நீரையும் கரையிலேயே வடித்து, படகை முழுதாகக் காயவிடுங்கள்.